இரு கை நடுக்கத்தோடு வருபவரை எப்படிப் பரிசோதிப்பது? எசென்ஷியல் டிரெமர் மதிப்பீடு குறித்த விவாத இழை

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொது மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சியில் இருக்கிறேன். கை நடுக்கம் என்று வருபவர்களைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறோம். கையை நீட்டச் சொல்கிறோம், நடுங்குகிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்கிறோம், அப்பாவுக்கு இருந்தது என்கிறார்கள். உடனே எசென்ஷியல் டிரெமர் (வேறு நரம்பு நோய்க்குறி இல்லாமல், கைகளைப் பயன்படுத்தும்போது வரும் நடுக்கம்) என்று எழுதி, நடுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இது போதாது என்று தோன்றுகிறது. ஆனால் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவில்லை.

அண்மையில் வந்த ஒருவருக்கு வயது 64. ஆறு ஆண்டுகளாக இரு கைகளிலும் நடுக்கம் இருக்கிறது, வலது கையில் சற்றுக் கூடுதல். எழுத்து கெட்டுவிட்டது என்கிறார். நாற்காலியில் அமர்ந்து கைகளை மடியில் வைத்திருந்தபோதும் வலது கை லேசாக ஆடியது. அதைப் பார்த்த மூத்த மருத்துவர் ஒருவர் பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்றார். இன்னொருவர் இது எசென்ஷியல் டிரெமர்தான் என்றார். இத்தகைய ஒருவரை எந்த வரிசையில், எதைத் தேடிப் பரிசோதிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுழல்கோடு எழுதியது:

நரம்பியல் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் கேள்வியிலேயே சிக்கலின் வேர் இருக்கிறது: மடியில் வைத்த கை ஓய்வில் இருக்கும் கை அல்ல. பரிசோதனை மேசைக்கு எதிரே அமர்ந்து பதற்றத்தோடு காத்திருப்பவரின் முன்கைத் தசைகள் தளர்ந்திருக்கும் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். ஓய்வு நடுக்கம் உண்டா என்று அறிய வேண்டுமானால், முன்கை முழுவதும் நாற்காலியின் கைப்பிடியில் தாங்கப்பட்டு மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கும்படி வைத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் படுக்க வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், அல்லது மாதங்களின் பெயர்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்லுங்கள். பார்க்கின்சன் நடுக்கமாக இருந்தால் மனம் கணக்கில் ஈடுபடும்போது அது வெளிப்படும் அல்லது கூடும். அதன்பின் தாழ்வாரத்தில் நடக்கவிட்டு, பக்கவாட்டில் தொங்கும் கைகளைக் கவனியுங்கள். நடக்கும்போது விரல்கள் உருளத் தொடங்குவதும், ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்பதும் மடியில் தெரிந்த சிறு ஆட்டத்தைவிட எவ்வளவோ நம்பகமான தடயங்கள்.

அடுத்து கைகளை நீட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான பரிசோதனைகள் பிழைபடுவது இங்கேதான். இரண்டு விநாடி பார்த்துவிட்டு, "நடுக்கம் இருக்கிறது, கையை இறக்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். எசென்ஷியல் டிரெமரில் கையை நீட்டிய உடனேயே நடுக்கம் தொடங்கிவிடும். பார்க்கின்சன் நோயிலோ நீட்டிய கை முதலில் அமைதியாக இருந்து, சில விநாடிகள் கழித்தே ஓய்வு நடுக்கத்தின் அதே வேகத்தில் ஆடத் தொடங்குவது உண்டு. ஓய்வு நடுக்கமே இடைவெளி விட்டு மீண்டு வருவது அது. அரை நிமிடம் பொறுமையாகக் கையை நீட்டி வைக்கச் சொல்லாதவர் இந்த வேறுபாட்டைப் பார்க்கவே முடியாது.

அதன்பின் முழங்கைகளை மடக்கி, விரல் நுனிகள் மார்புக்கு முன்னால் ஒன்றையொன்று தொடாமல் நெருங்கி நிற்கும் நிலை. தோள் சார்ந்த நடுக்கம் நீட்டிய கையில் தெரியாமல் இந்த நிலையில் மட்டும் பெரிதாக வெளிப்படுவது உண்டு. பிறகு விரலால் மூக்கையும் பரிசோதகரின் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்லுங்கள், ஆனால் மெதுவாக. எசென்ஷியல் டிரெமர் உள்ள பலருக்கு அசைவின்போது ஏற்படும் நடுக்கமே நீட்டிய கையின் நடுக்கத்தைவிடப் பெரிது. இலக்கை நெருங்கும்போது கூடுவதும் நெடுநாள் நோயாளிகளிடம் அரிதல்ல. அதை மட்டும் கண்டு சிறுமூளை நோய் என்று முடிவு கட்டக்கூடாது.

எழுத்தைக் கேட்டு அறியாதீர்கள், எழுத வைத்துப் பாருங்கள். "எழுத்து கெட்டுவிட்டது" என்ற ஒரே வாக்கியத்தை இரு நோயாளிகளும் சொல்வார்கள். பெரிதாக, அலையலையாக, வாசிக்கச் சிரமமாக இருந்தால் அது ஒன்று. வரி செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே போனால் அது முற்றிலும் வேறு.

பொதுநலன் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கையைத் தொடுவதற்கு முன் மாத்திரைப் பையைத் திறக்கச் சொல்லுங்கள். வால்ப்ரோயேட், லித்தியம், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், மனச்சோர்வுக்கான மருந்துகள், அமியோடரோன், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை ஆகிய எல்லாமே இரு கைகளிலும் சீரான நடுக்கத்தை உண்டாக்கும். குமட்டலுக்கென்று தொடங்கி நிறுத்த மறந்த மெட்டோகுளோப்ரமைடு பார்க்கின்சன் போன்ற தோற்றத்தையே தந்துவிடும். எந்த மருந்து எப்போது தொடங்கப்பட்டது, நடுக்கம் எப்போது தொடங்கியது என்று இரு தேதிகளையும் அருகருகே எழுதிப் பார்த்தால் பல வேளைகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும். தைராய்டுக்கான டிஎஸ்எச் இரத்தச் சோதனையை நான் எல்லோருக்கும் செய்கிறேன். எடை குறைகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, வியர்க்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். 40 வயதுக்குக் கீழே இருப்பவரானால் உடலில் தாமிரம் சேரும் வில்சன் நோயை விலக்காமல் விடுவதில்லை. இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், கண் மருத்துவரிடம் கருவிழி வளையப் பரிசோதனை என மூன்றும் எளிதானவை. சிகிச்சை உள்ள நோயைத் தவறவிடுவதற்கு மன்னிப்பே கிடையாது.

குடும்ப வரலாற்றைப் பற்றி ஒரு சொல். "யாருக்காவது நடுக்கம் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற பதிலே வரும். "அப்பா தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தாரா, அத்தைக்குத் தலை ஆடியதா" என்று ஆள் ஆளாகக் கேட்டால் பதில் மாறும். 50 வயதைத் தாண்டிய ஆணுக்கு நடுக்கத்தோடு நடை தள்ளாட்டமும் இருந்தால், மகளின் பிள்ளைகளில் யாருக்காவது அறிவு வளர்ச்சிக் குறைபாடு உண்டா என்று கேட்பதும் அவசியம். எஃப்எம்ஆர்1 மரபணுவின் முன்மாற்றத்தால் (முழு மாற்றத்தை எட்டாத இடைநிலை மாற்றம்) வரும் நோயில் தாத்தாவுக்கு நடுக்கமும் பேரனுக்கு வேறு விதமான பாதிப்பும் இருக்கும். இரண்டையும் இணைத்து யோசிப்பவர் யாருமில்லாததால் பல ஆண்டுகள் தப்பிவிடும்.

இளவேனில் எழுதியது:

ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. அந்த நோயாளியை மீண்டும் வரவழைத்து நீங்கள் சொன்ன வரிசையில் பார்த்தேன். படுக்க வைத்து முன்கையைத் தாங்கியபோது நடுக்கம் முற்றிலும் நின்றது. ஏழு ஏழாகக் கழித்தபோதும் வரவில்லை. கைகள் இரண்டும் சமமாக வீசும்படி நடந்தார். கையை நீட்டியவுடன் இருபுறமும் நடுக்கம் தொடங்கியது. "ஆ" என்று நீட்டிச் சொன்னபோது குரலில் மெல்லிய அதிர்வு இருந்தது. தைராய்டு இயல்பு, ஐயத்துக்குரிய மருந்து எதுவும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு இடங்களில் தடுமாறுகிறேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னபோது தாளம் சீராக இல்லை, சற்று மெதுவாகவும் இருந்தது. இதைப் பார்க்கின்சன் நோயின் குறியான அசைவு மந்தம் என்று கொள்வதா? மேலும் ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது பத்து அடிகளில் மூன்று முறை காலை விலக்கி வைத்தார்.

சுழல்கோடு எழுதியது:

நல்ல பரிசோதனை. மெதுவாக இருப்பது மட்டும் அசைவு மந்தம் ஆகாது. பார்க்கின்சன் நோயில் விரல் தட்டும்போது ஒவ்வொரு தட்டுக்கும் விரிவு குறைந்துகொண்டே வரும், இடையிடையே தயங்கும், சில வேளை நின்றேவிடும். எசென்ஷியல் டிரெமரில் நடுக்கம் குறுக்கிடுவதால் தாளம் கெடும், வேகமும் சற்றுக் குறையும், ஆனால் முதல் தட்டின் விரிவும் பதினைந்தாவது தட்டின் விரிவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆகவே வேகத்தைப் பாராமல் விரிவைப் பாருங்கள். விறைப்பு பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்: மணிக்கட்டைச் சுழற்றும்போது பல்சக்கரம் போலத் தட்டுப்படுவது நடுக்கத்தாலும் வரும், தசை இறுக்கம் கூடியிருந்தால்தான் அது விறைப்பு. மோப்பம் குறைந்ததா, உறக்கத்தில் கை கால்களை உதறிக் கத்துகிறாரா, நெடுநாள் மலச்சிக்கல் உண்டா என்று அவர் மனைவியிடமும் கேளுங்கள். இந்த மூன்றும் இல்லை என்பது பார்க்கின்சன் நோயை விலக்காது. இருந்தால் என் ஐயம் வலுக்கும்.

நேர்கோட்டு நடை குறித்து: 2018-இல் இயக்கக் கோளாறுகளுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் குழு வெளியிட்ட ஒருமித்த வரையறைப்படி, எசென்ஷியல் டிரெமர் என்று சொல்ல இரு கைகளிலும் செயல்நிலை நடுக்கம் (கையை நீட்டும்போதோ அசைக்கும்போதோ வருவது) குறைந்தது 3 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும், தலை, குரல், கால் ஆகியவற்றிலும் இருக்கலாம், டிஸ்டோனியா (தசைகள் தாமாக இறுகி உறுப்பைத் திருகும் கோளாறு), சிறுமூளைத் தள்ளாட்டம், பார்க்கின்சன் அறிகுறிகள் இருக்கக்கூடாது. தலை மட்டும் அல்லது குரல் மட்டும் நடுங்குவதும், எழுதும்போது மட்டும் வருவதும், நின்றால் மட்டும் கால்களில் 12 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 12 முறை) மேல் வரும் நடுக்கமும், திடீரென்று தொடங்கி, இடையிடையே திடீரெனத் தாவி மோசமாவதும் இதில் சேரா. நேர்கோட்டு நடையில் தடுமாற்றம், ஐயத்துக்கிடமான டிஸ்டோனியா, லேசான நினைவுக் குறைவு, ஓய்வு நடுக்கம் போன்ற பொருள் தெளிவில்லாத மென்குறிகள் சேர்ந்திருந்தால் 'எசென்ஷியல் டிரெமர் பிளஸ்'. உங்கள் நோயாளி அந்தக் கட்டத்தில் விழுகிறார்.

நெடுவழி எழுதியது:

நரம்பியல் மருத்துவர் என்ற முறையில் இங்கே மாறுபடுகிறேன். 'பிளஸ்' என்ற பிரிவு ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு உதவலாம். புறநோயாளிப் பிரிவில் அது குழப்பத்தையே வளர்க்கிறது. 64 வயதில் நேர்கோட்டில் பத்து அடி வைக்க எத்தனை பேரால் பிழையின்றி முடியும்? மூட்டு வலி, நீரிழிவால் பாத உணர்வு குறைதல், பார்வைக் குறைவு என எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. ஒரே நோயாளியைக் காலையில் ஒருவர் பார்த்து எசென்ஷியல் டிரெமர் என்றும், மாலையில் இன்னொருவர் பார்த்து பிளஸ் என்றும் எழுதுவதை நான் காண்கிறேன். நோயின் வயது கூடக் கூட அதே மனிதர் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகர்கிறார் என்றால், அது இரண்டு நோய்களின் வேறுபாடா, ஒரே நோயின் இரு பருவங்களா?

சுழல்கோடு எழுதியது:

அது நியாயமான கேள்விதான், அதற்கு இன்று தீர்ந்த விடை இல்லை. ஆனால் அந்தப் பெயர் நோயாளிக்காக அல்ல, நமக்காக என்று நான் கொள்கிறேன். 'பிளஸ்' என்று எழுதிய கோப்பை அடுத்த முறை எடுக்கும் மருத்துவர், எதைக் கண்டு அப்படி எழுதப்பட்டது என்று தேடுவார், மறுபடி பரிசோதிப்பார். வெறும் எசென்ஷியல் டிரெமர் என்று எழுதிய கோப்பில் மருந்தின் அளவு மட்டுமே மாறும். எசென்ஷியல் டிரெமர் என்ற பெயரைச் சுமந்தவர்களை மறுபரிசீலனை செய்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு உண்மையில் வேறு நோய் இருந்தது. அதில் பார்க்கின்சன் நோயும் டிஸ்டோனியாவும் முதன்மையானவை. அதனால் பெட்டியின் பெயரைவிட, அதை எந்தக் குறியின் அடிப்படையில் எழுதினோம் என்ற ஒரு வரி முக்கியம். "நேர்கோட்டு நடையில் பத்தில் மூன்று தவறு, பாத உணர்வு இயல்பு" என்று எழுதுங்கள். பெயர் பிறகு மாறினாலும் அந்த வரி பொய்யாகாது.

டிஸ்டோனியா பற்றி இதுவரை யாரும் விரிவாகச் சொல்லவில்லை, ஆனால் பார்க்கின்சனைவிட அதிகமாகத் தவறவிடப்படுவது அதுதான் என்பது என் எண்ணம். தலை நடுங்குபவரைப் படுக்க வைத்துப் பாருங்கள். எசென்ஷியல் டிரெமரில் தலைக்கு முழுத் தாங்கல் கிடைத்தவுடன் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். டிஸ்டோனியாவில் பல வேளைகளில் தொடரும். கழுத்தை மெல்ல இருபுறமும் திருப்பச் சொல்லி, ஏதாவது ஒரு கோணத்தில் நடுக்கம் நின்று இன்னொரு கோணத்தில் பெருகுகிறதா என்று கவனியுங்கள். தாடையில் ஒரு விரலை லேசாக வைத்தால் நிற்கிறது என்று நோயாளியே சொல்வார், கேட்டால்தான் சொல்வார். நீட்டிய கைகளில் ஒரு கட்டைவிரல் மட்டும் உள்நோக்கி மடங்குவதையும், ஒரு தோள் சற்று உயர்ந்திருப்பதையும், நடுக்கம் சீரற்றுத் திக்கித் திக்கி வருவதையும் பார்க்கப் பழகிய கண் வேண்டும்.

கைத்திறன் எழுதியது:

நான் மருத்துவர் அல்ல, செயல்திறன் சிகிச்சையாளர். நோய் எது என்ற விவாதம் முடிந்ததும் நோயாளி எங்களிடம்தான் வருகிறார். எனவே கடுமையை அளப்பது பற்றி எழுதுகிறேன்.

டெட்ராஸ் என்ற அளவுகோல் எசென்ஷியல் டிரெமருக்கென்றே உருவாக்கப்பட்டது. அன்றாடச் செயல்களுக்கு 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 48. பரிசோதனைப் பகுதிக்கு மொத்தம் 64. கை நடுக்கத்துக்கு அரை மதிப்பெண்களும் உண்டு: கண்ணுக்கு அரிதாகத் தெரிந்தால் 1, ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே 1.5, ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டருக்குள் 2, ஐந்து முதல் பத்துக்குள் 3, இருபதும் அதற்கு மேலும் 4. இந்த எண்களைக் கூர்ந்து பாருங்கள். 2-லிருந்து 3-க்குப் போவது ஒரு மதிப்பெண் வேறுபாடுதான், ஆனால் ஆட்டத்தின் அகலமோ பன்மடங்கு. மருந்துக்குப் பிறகு "ஒரு மதிப்பெண்தானே குறைந்திருக்கிறது" என்று உதட்டைப் பிதுக்கும் மருத்துவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும். அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் கரண்டி வாய்க்குப் போய்ச் சேருகிறது.

சுருள் வரைய வைக்கும்போது முன்கையும் கையும் மேசையில் படக்கூடாது. பட்டால் நடுக்கத்தைப் பாதி மறைத்துவிடுவார்கள். வலது, இடது இரண்டு கைகளாலும் தனித்தனியே வரைய வேண்டும். தாளை மற்றொரு கையால் பிடித்துக்கொள்ளலாம், எழுதும் கையைப் பிடிக்கக்கூடாது. எசென்ஷியல் டிரெமரில் அலைகள் சீராக, பெரும்பாலும் ஒரே அச்சுத் திசையில் பெரிதாகத் தெரியும். தாளில் ஒரு புள்ளியிட்டு, பேனா முனையைத் தொடாமல் அதன் மேல் பத்து விநாடி நிறுத்தச் சொல்வதும் எளிய சோதனைதான், ஆனால் வேறெதிலும் தெரியாத நடுக்கம் அதில் தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணும் வாழ்க்கையும் ஒன்றுபோல நகர்வதில்லை. 1.5 மதிப்பெண் உள்ள பொற்கொல்லரோ பல் மருத்துவரோ வேலையை விட நேரிடலாம், 2.5 உள்ள ஓய்வுபெற்றவர் தடித்த கைப்பிடியுள்ள பாத்திரத்தோடு சமாளித்துவிடலாம். அதனால் நான் முதலில் கேட்பது, "இப்போது எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள்?" என்பதைத்தான். செய்வதில் உள்ள சிரமத்தைக் கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். விட்டுவிட்டதைக் கேட்டால் பட்டியல் நீளும்.

தும்பை எழுதியது:

டாக்டர்களுக்கு வணக்கம். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நடுக்கத்தோடு வாழ்பவள். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் என் கை இரு மடங்காக ஆடும். வீட்டில் தனியாக இருந்தால் அதே பேனா ஓரளவுக்கு அடங்கும். இதைக் காரணம் காட்டி, எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சரியா? மேலும், சிறிதளவு மது அருந்தினால் நடுக்கம் குறைந்தால் அது இந்த நோய்தான் என்று உறுதியாகுமா? மூளை ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று உறவினர் வற்புறுத்துகிறார்.

சுழல்கோடு எழுதியது:

அம்மா, பதற்றத்தில் கூடாத நடுக்கம் என்று ஒன்று கிடையாது. பார்க்கின்சன் நடுக்கமும் கூடும், சாதாரண மனிதரின் இயல்பான நுண்நடுக்கமும் கூடும். அதை வைத்து மனம் சார்ந்தது என்று சொல்வது தவறு. செயல்சார் நடுக்கம் என்று ஒன்று உண்டு (மேலே சொன்ன செயல்நிலை நடுக்கம் அல்ல, மூளையின் இயக்கமுறைக் கோளாறால் வருவது), ஆனால் அதைத் தீர்மானிக்க நேர்க்குறிகள் வேண்டும்: ஒரு கையால் பரிசோதகரின் தாளத்துக்கு ஏற்பத் தட்டச் சொன்னால், மறு கையின் நடுக்கம் அந்தத் தாளத்துக்கே மாறிவிடும் அல்லது நின்றுவிடும். உங்கள் நடுக்கம் அப்படி மாறாமல் தன் வேகத்திலேயே தொடர்ந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

மதுவால் குறைவது ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ உண்மை. டிஸ்டோனியா வகைகள் சிலவற்றிலும் அது குறையும் என்பதால் நோயை உறுதி செய்யாது. குறைந்த நடுக்கம் மறுநாள் கூடுதலாகத் திரும்புவதும் உண்டு. சோதித்துப் பார்ப்பதற்காக யாரும் அருந்த வேண்டாம். முன்பே நிகழ்ந்திருந்தால் வரலாற்றில் குறித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

எசென்ஷியல் டிரெமரைக் காட்டும் ஸ்கேன் எதுவும் இல்லை. எம்ஆர்ஐ மற்ற நோய்களை விலக்குவதற்கே. டாட் ஸ்கேன் என்பது மூளையின் டோபமின் நரம்பு முனைகளைக் காட்டுவது. பார்க்கின்சன் வகை நோய்களிலிருந்து எசென்ஷியல் டிரெமரைப் பிரித்தறிய அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2011-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. கவனமான பரிசோதனைக்குப் பிறகும் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு அது பயன்படும். ஆனால் டிஸ்டோனியா நடுக்கத்திலும் அது இயல்பாகவே இருக்கும். ஆகவே இயல்பான ஸ்கேன் என்பது எசென்ஷியல் டிரெமருக்கான சான்றிதழ் அல்ல. இருபது ஆண்டுகளாக ஒரே தன்மையில் இருக்கும் உங்களைப் போன்றவருக்குப் புதிய குறி எதுவும் இல்லாதவரை ஸ்கேன் எதையும் கூட்டித் தராது.

நெடுவழி எழுதியது:

இதில் முழு உடன்பாடு. இன்னொன்று: வெவ்வேறு காலத்தில் எடுத்த காணொலிகளை ஒப்பிடுவதற்கு ஈடான சோதனை வேறில்லை. நோயாளியின் ஒப்புதலோடு, ஒவ்வோர் ஆண்டும் ஒரே தூரத்தில், ஒரே நிலைகளில், ஓய்வு, நீட்டிய கை, மடக்கிய முழங்கை, சுருள், நடை என்று இரண்டு நிமிடம் பதிவு செய்து வைத்தால் 'பிளஸ்' பற்றிய எங்கள் சண்டையும் ஓரளவு ஓயும். சுருள் தாளில் தேதியோடு மாத்திரை எடுத்த நேரத்தையும் குறிப்பது நல்லது. புரோப்ரனலால் எடுத்து ஒரு மணி நேரத்தில் வரைந்த சுருளையும் எடுக்காமல் வரைந்ததையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

இளவேனில் எழுதியது:

கோப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இரு கைச் செயல்நிலை நடுக்கம், 6 ஆண்டுகள், குரலில் லேசாக. முழுத் தாங்கலில் ஓய்வு நடுக்கம் இல்லை. விரல் தட்டலில் விரிவு குறையவில்லை. நேர்கோட்டு நடையில் பத்தில் மூன்று தவறு, பாத உணர்வு இயல்பு. எசென்ஷியல் டிரெமர் பிளஸ், ஓராண்டில் மறுபரிசோதனை." அவர் விட்டுவிட்டது எதை என்று கேட்டேன், மற்றவர்களோடு அமர்ந்து உண்பதை என்றார். சிகிச்சை வேண்டும் என்கிறார். சிறுவயதிலிருந்து ஆஸ்துமா இருப்பது இப்போதுதான் தெரியவந்தது. புரோப்ரனலால் தரலாமா?

பொதுநலன் எழுதியது:

வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். முன்பு மருந்து இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மூச்சிழுப்புக் கருவியைப் பலரும் மருந்து என்று எண்ணிச் சொல்வதில்லை. சால்பியூட்டமால் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதை முதலில் கேளுங்கள், கருவியை நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள். நடுக்கத்தில் ஒரு பங்கு அதனுடையதாக இருந்தால், மார்பு நோய் மருத்துவரோடு பேசி அதைச் சீர்செய்த பின் மீண்டும் சுருள் வரைய வைத்துப் பாருங்கள்.

சுழல்கோடு எழுதியது:

அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் நடுக்கத்துக்கான மற்றொரு மருந்தான பிரிமிடோன். முதல் வேளையிலேயே குமட்டலும் தள்ளாட்டமும் வருவது உண்டு. நேர்கோட்டு நடை ஏற்கெனவே சரியில்லாதவர் என்பதால் இரவில் 25 மில்லிகிராமுக்கு மேல் தொடங்காதீர்கள், மெல்லக் கூட்டுங்கள். இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது துணை வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.